பராஅத் நோன்பன்று எடுத்த படம்

நஜியாவுக்குத் தெரியாத காடு கடலூர் மாவட்டத்திலேயே கிடையாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் பாதிக் காட்டில் அவள் கால் வைத்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

பரங்கிப்பேட்டைக்காரி. வயது நாற்பத்திரண்டு. கணவர் சிங்கப்பூரில். சிதம்பரத்தில் புவியியல் படித்தவளுக்குப் பன்னிரண்டு வருடமாக ஒப்பந்த வேலை. காலை ஏழு மணி பஸ்ஸில் கடலூர் போய், செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் விரித்து, எது காடு, எது தோப்பு, எது வெறுஞ்சேறு என்று கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். அந்தக் கோடு சென்னைக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்குப் போய், நாடு முழுவதற்குமான காட்டுத் திட்டத்தில் சேரும். காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளையெல்லாம் காடு என்று கணினி பச்சை அடித்துத் தள்ளியபோது, "இது தோப்பு சார், வேலி தெரியுது பாருங்க" என்று ஒவ்வொன்றாக வாதாடித் திருத்தியவள் அவள்தான். அதற்கப்புறம் மேலதிகாரி சத்யநாராயணன் அவள் போட்ட கோட்டை மறுபடி பார்ப்பதையே விட்டுவிட்டார். நல்ல பெயர் எடுத்தவர்களுக்கு இப்படி ஓர் ஆபத்து உண்டு.

அந்த வருடம், அலையாத்தி மரம் நடுவதற்குக் காலிச் சேற்று நிலம் தேடச் சொன்னார்கள். பிச்சாவரத்துக்கு வடக்கே பதினோரு ஏக்கர், மேகம் மறைக்காத ஒரு பிப்ரவரிப் படத்தில், தண்ணீரும் சேறுமாகக் கிடந்தது. நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்பது விதி. கெடு நெருங்கிவிட்டது. படம்தான் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று நஜியா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவள் வீட்டிலிருந்து அந்த இடத்துக்குப் படகில் இருபது நிமிடம்.

ஏழு மாதம் கழித்து, நடும் மரங்களுக்குக் கடல்நீர் பாய வாய்க்கால் வெட்டப் பொக்லைன் இறங்கியது. எல்லை சரிதானா என்று பார்க்க மறுநாள் அவளை அனுப்பினார்கள். படகிலிருந்து இறங்கும்போதே கூச்சல் கேட்டது. முழங்கால் சேற்றில் நின்று ஒரு பெண் வண்டியை மறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குப்பத்துத் தங்கம்மாள். நண்டு பிடித்துப் பிழைப்பவள். அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சுரபுன்னை என்னும் அலையாத்திக் கன்றுகள், முழங்கால் உயரத்துக்கு. இரண்டு வாய்க்கால் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. அள்ளிக் கொட்டிய சேற்று மேட்டில் கன்றுகள் வேரோடு கிடந்தன.

நஜியா ஓட்டுநரைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"வண்டிய நிறுத்துங்க. கோடு தப்பு."

"நீங்க குடுத்த மேப்புதான் மேடம். அதப் பாத்துத்தான் வெட்டுறேன்," என்றார் ஓட்டுநர்.

"அதத்தான் சொல்றேன். போட்டவ நான். தப்பாப் போட்டுட்டேன்."

எஞ்சின் நின்றது. அந்தக் கன்றுகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. பாதியில் நின்றுபோன ஒரு திட்டத்தில் மிஞ்சிய விதைகளை, மூன்று வருடத்துக்கு முன் குப்பத்துப் பெண்கள் ஒன்பது பேர் தாங்களாகவே ஊன்றியிருந்தார்கள். ஒரு பெயர்ப்பலகை கூட வைக்கவில்லை.

"படத்துல எப்பிடிம்மா தெரியாமப் போவும்? என்னிக்கு எடுத்தது?" என்று கேட்டாள் தங்கம்மாள்.

தேதியைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் நஜியாவுக்கு உறைத்தது. படம் எடுத்த அன்று அவள் நோன்பு. விழித்திருந்து தொழும் பராஅத் இரவுக்கு மறுநாள், பிறை பதினைந்து.

"பௌர்ணமிய ஒட்டி, அக்கா. காலைல பத்தரை மணி."

"அந்த நேரத்துல இங்க முட்டிக்கு மேல தண்ணி ஏறி நிக்குமே. கன்னெல்லாம் உள்ள முழுவிக் கெடக்கும்."

கடலோரத்தில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? பிறை பார்த்து நோன்பு பிடித்தவள், அதே பிறைக்குக் கடலும் ஏறும் என்பதை ஒரு நிமிடம் நினைக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் யானை சறுக்கி விழுந்தால் அடியில் கிடப்பது நசுங்கிவிடும்.

"மன்னிச்சிடுங்கக்கா. பரங்கிப்பேட்டக்காரி நான், எனக்கே தோணல."

"என்னாத்த மன்னிக்கிறது? பரங்கிப்பேட்டன்னு சொல்ற. தோ, எதிர்லதான் ஒங்க ஊரு. இத பாக்க தெனம் பஸ்ஸு ஏறி கடலூருக்கா போன?"

நஜியாவுக்கு அழுகைதான் வந்தது. தங்கம்மாள் தேற்றவில்லை, குனிந்து, பிழைக்கக்கூடிய கன்றுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். நஜியாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

ஏழு ஏக்கர் தப்பியது. நான்கு ஏக்கர் போயிற்று. திருத்திய வரைபடத்தில், அந்த நான்கு ஏக்கருக்கு நேரே இருந்த குறிப்புக் கட்டத்தில் அவள் எழுதினாள்: "இங்கே காடு இருந்தது. நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டேன். நஜியா."

சத்யநாராயணன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத எடுத்துடுங்க நஜியா. விசாரணைன்னு வந்தா ஒங்க வேலை போயிடும்."

"நீங்க ஒரு தடவ வந்து அந்தச் சேத்து மேட்டப் பாருங்க சார். பாத்துட்டு எடுக்கச் சொல்லுங்க, எடுத்துடுறேன்."

மறுநாள் அவர் படகேறினார். காய்ந்த கன்றுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அலுவலகம் திரும்பிய பிறகு அந்த வரியை எடுக்கச் சொல்லவில்லை. அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.