கேரி தீவு வரிசை

எவலினுக்கு எல்லாத்துக்கும் பயம். லிஃப்டுக்குப் பயம், பாஸ் இருமினா பயம். கேஸ் அடுப்பை மூடினோமா இல்லையான்னு சந்தேகம் வந்து, பாதி வழியில ரயிலை விட்டு இறங்கி சுங்கை வேல இருக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போனவ. நான் தாமரை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸ்ல அவளுக்கு எதிர் மேசை. எனக்கு வாய் காது வரைக்கும், அவளுக்கு வாயே கிடையாது. அதனாலதான் எங்களுக்குள்ள ஒத்துப்போச்சு.

அவ பயந்ததுல முக்கால்வாசி சும்மா பயம்தான், நானே கிண்டல் பண்ணியிருக்கேன். ஆனா ஒரு பயம் மட்டும் நிஜம். அது அவ அண்ணன் கெல்வினோட வீடு.

எங்களது செம்பனை எண்ணெய்க் கம்பெனி. கேரி தீவுல தோட்டம், கிள்ளான்ல ஸ்டோர், இங்க ஆபீஸ். எவலின் அந்தத் தோட்டத்துல பொறந்து, ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டுப் பாடி வளர்ந்த பொண்ணு. கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்துட்டா. கெல்வின் மட்டும் பெஞ்சாதி சாந்தமேரியோடயும் பிள்ளைங்களோடயும் அங்க கம்பெனி வீட்டுலயே இருக்காரு. பேரு தோட்டத்துக் கணக்குல இருக்கிற வரைக்கும்தான் அந்த வீடு. ஆனா கெல்வின் வேலை பார்க்கிறது தோட்டத்துல இல்ல. கிள்ளான் ஸ்டோர்ல ஆள் பத்தலைன்னு பழைய மேனேஜர் இவரையும் இன்னும் கொஞ்சம் பேரையும் அங்க அனுப்பினாரு. "பேரு இங்கயே இருக்கட்டும், வீட்டை விடாதீங்க"ன்னு வாயால சொன்னாரு. எழுத்துல ஒண்ணும் கிடையாது. அந்த மேனேஜர் ரிட்டயர் ஆகிப் போயிட்டாரு. வாய்வார்த்தையில தொங்கிக்கிட்டிருந்துச்சு ஒரு குடும்பம்.

இந்த வருஷம் சம்பள உயர்வு போட கம்பெனி புது சாஃப்ட்வேர் வாங்குச்சு. அதுக்குள்ள ஒரு அட்டவணை கட்டணும், லுக்அப் டேபிள்னு பேரு. ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. சாப்பாட்டுக் கடையில விலைப்பலகை தொங்குதே, அந்த மாதிரிதான். எந்த இடம், எந்த கிரேடு, வேலை எப்படின்னு இடது பக்கம் எழுதணும். அதுக்கு எத்தனை பர்சென்ட்னு வலது பக்கம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு ஆளையும் சாஃப்ட்வேர் தானா அந்தப் பலகையில தேடி, எதிர்ல இருக்கிறதை எடுத்துப் போட்டுக்கும். அந்த அட்டவணையைக் கட்டுற வேலை எவலின் தலையில விழுந்துச்சு. தோட்டத்துக் கூலிக் கணக்கு தனி; மாசச் சம்பளத்துல கேரி தீவுன்னு இருந்தது ஸ்டோருக்குப் போன அந்தக் கொஞ்சம் பேர்தான்.

எங்க பாஸ் கமலநாதன் கெட்டவர் கிடையாது. ஆனா எதையும் நோண்டாம விடமாட்டாரு. மீட்டிங்ல சொன்னாரு, "எந்தெந்த இடத்துக்கு வரிசை இருக்கோ, அங்க யார் யார்னு நான் ஒரு தடவை பார்ப்பேன்." அவ்வளவுதான் சொன்னாரு. மீட்டிங் முடிஞ்சதும் எவலின் என்னை ஓரமா இழுத்தா.

"தாமரை, கேரி தீவு வரிசையைப் பார்த்தா அவரு கேப்பாரு லா. தோட்டத்து ஆளு ஏன் கிள்ளான்ல வேலைக்கு பஞ்ச் பண்றாருன்னு கேப்பாரு. எங்க அண்ணன் வீடு போயிரும்."

"அவரு ஆயிரம் பேரைப் பார்க்கணும்டி. கெல்வின் அண்ணன் மூஞ்சியிலயா எழுதி ஒட்டியிருக்கு? சும்மா இரு."

சும்மா இருந்தாளா? மத்தியானம் நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள அந்த வரிசையையே தூக்கிட்டா! கிள்ளான் இருக்கு, கோலாலம்பூர் இருக்கு, கேரி தீவைக் காணோம்.

"வரிசையே இல்லாட்டி அவரு எதைப் பார்ப்பாரு?"ன்னு மெதுவா சொன்னா. முகத்துல ஒரு நிம்மதி வேற. "அந்தக் கொஞ்சம் பேருக்கு சாஃப்ட்வேர்ல காலியா வரும். நான் அப்புறமா கையால போட்டுர்றேன்."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா ஊரே இருட்டாயிருமா? திருப்பிப் போடுடி!"ன்னு கத்தினேன். அவ கேக்கல. வாய் பேசாதவளோட பிடிவாதம் இருக்கே, அது பேசுறவளோடதை விட மோசம். சிலுவை போட்டுக்கிட்டு ரன் பட்டனை அமுக்கிட்டா.

விலைப்பலகையில இல்லாததைக் கேட்டா கடைக்காரன் என்ன செய்வான்? கொஞ்சம் முழிப்பான், பிறகு "இல்ல"ம்பான். இந்த சாஃப்ட்வேர் முழிக்கல. அட்டவணையில சிக்காத ஆளுங்களோட பேரை மட்டும் தனியா பொறுக்கி எடுத்து, சிவப்புல போட்டு, பாஸுக்கே மெயில் அனுப்பிருச்சு. எவலின் திரையிலயும் அதேதான் வந்து நின்னுச்சு. ஆயிரம் பேருக்கு நடுவுல யாரும் பார்க்காம போயிருக்க வேண்டிய பேரு, இப்ப முதல் வரியில, கெல்வின்னு.

அவ வரிசையைத் திருப்பிப் போட்டா, ரன் பண்ணா. திரையில சிவப்பு போயிருச்சு. ஆனா போன மெயில் போனதுதானே! "அதைத் திரும்ப இழுக்க முடியாதா? ஐடி டிபார்ட்மென்ட்டைக் கேளு, தாமரை, கேளு!"ன்னு என் கையைப் பிடிச்சு உலுக்குறா. கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க.

பாஸ் ரூம்ல இருந்தாரு. கண்ணாடிக் கதவு வழியா அவரு முதுகு தெரிஞ்சது. ஃபோன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாரு. சிரிச்சு முடிச்சு லாப்டாப் பக்கம் திரும்பினாரு. அவரு குனிஞ்சு பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பார்த்தாரு. ஃபோனை எடுத்து யாருக்கோ அடிச்சாரு. இப்ப சிரிக்கல.

கதவு திறந்துச்சு.

"எவலின், இந்த மெயில்ல இருக்கிற ஆளுங்க எல்லாம் கேரி தீவுன்னு இருக்கு. ஸ்டோர்ல கேட்டா, ரொம்ப வருஷமா கிள்ளான்லதான் வேலை பார்க்கிறாங்களாம். உனக்குத் தெரியுமா?"

அவ எந்திரிச்சு நின்னா.

"சார், வரிசையை எடுத்தது நான். வார்னிங் லெட்டர் கொடுங்க, வாங்கிக்கிறேன். அவங்க இடத்தை மட்டும் மாத்தாதீங்க. அதுல ஒருத்தர் எங்க அண்ணன். வீடு போயிரும் சார்."

கமலநாதன் கதவைச் சாத்திட்டு வந்தாரு. "வரிசை இருந்திருந்தா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன்"னாரு. கோவமா இல்ல, வருத்தமாத்தான் சொன்னாரு. "இப்ப கண்ணால பார்த்துட்டேன். நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது? தோட்டத்து மேனேஜருக்கும் காப்பி போகணும். மன்னிச்சுக்கம்மா."

எனக்கு அவரைத் திட்டணும்னு இருந்துச்சு. எவலினை ஓங்கி ஒரு அறை விடணும்னும் இருந்துச்சு. அவ பாத்ரூம் போய் வாந்தி எடுத்துட்டு வந்தா. நான் முதுகைத் தடவிவிட்டேன், வேற என்ன செய்யறது?

அவங்க இடத்தைக் கிள்ளான்னு மாத்தினதும் சாஃப்ட்வேர் மறுபடியும் பலகையைப் பார்த்துச்சு. கிள்ளான் வரிசையில பர்சென்ட் ஜாஸ்தி. சம்பள உயர்வுக் கடிதம் போன அன்னைக்கு, ஆபீஸ் கீழ இருக்கிற கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். எவலின் போன் அடிச்சது. மேசையில வச்சு ஸ்பீக்கரை அமுக்கினா.

"பாப்பா!" கெல்வின் அண்ணன் குரல், அப்படி ஒரு சந்தோஷம். "லெட்டர் வந்துச்சு! இந்த மாதிரி எனக்கு ஒரு வருஷமும் ஏத்தினதில்லை. நீதானே பாப்பா செஞ்ச? பெரியவன்கிட்ட சொல்லிட்டேன், அத்தைதான் செஞ்சுதுன்னு. சாந்தமேரி கோழி வெட்டுறா. சாயங்காலம் வந்துரு லா, மாப்பிள்ளையையும் கூட்டிட்டு."

எவலின் என்னைப் பார்த்தா. நான் பேசட்டுமான்னு கையைக் காட்டினேன். தலையை ஆட்டி வேணாம்னுட்டா. இந்தத் தடவை என்னை விடாம, அவளே பேசினா.

"ஆமாண்ணே. நான்தான் செஞ்சேன். கீழ இன்னும் எழுதியிருக்கும். அதையும் படிங்க."

"கீழயா? இரு, கண்ணாடி எங்க..." காகிதம் திருப்புற சத்தம். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையா, சத்தம் போட்டு, சிரிச்சுக்கிட்டே படிக்க ஆரம்பிச்சாரு. பாதியில நின்னுட்டாரு.

பின்னால பிள்ளைங்க கத்துற சத்தம், சாந்தமேரி ஏதோ கேக்குற சத்தம்.

"பாப்பா," அப்படின்னாரு. "வீட்டைக் காலி பண்ணணும்னு போட்டிருக்கே. இதையுமா நீ செஞ்ச?"