தறிக்குப் போன பெல்ட்

என் நைனா நல்லவர் என்று அம்மையார்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் சொல்வேன், கார் பேச்சு வராதவரைக்கும். வந்துவிட்டால் எனக்கு இன்றும் ஆத்திரம் தலைக்கேறும். அதை அடக்க நான் முயல்வதும் இல்லை.

எனக்கு ஒன்பது வயதாகும்போது அவர் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினார். தறி ஓட்டுகிறவர் வீட்டு வாசலில் எங்கள் தெரு பார்த்த முதல் கார் அதுதான். வந்த மூன்றாம் நாளே கத்திரிக்கோலோடு உள்ளே நுழைந்து பின் சீட்டு பெல்ட்டுகளை அறுத்தார். கத்திரி போதாமல் பிளேடு கேட்டார். நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். விசைத்தறியில் ஊடுநூலைச் சுமந்து ஓடும் நாடாவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரட்டுகிற கட்டை ஒன்று உண்டு. அதை இழுக்கும் வார் மாதம் ஒன்று அறுந்துகொண்டிருந்தது. கார் பெல்ட்டை மடித்துத் தைத்துக் கட்டியபிறகு அறுகிற பேச்சே இல்லை.

"இன்னா நெசவு பாரு, யானையக் கட்டி இழுத்தாலும் வராது. இது சீட்டுல சும்மா தொங்கிகினு கிடக்குது," என்று பக்கத்துத் தறிக்காரரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அடுத்த வாரம் முன் சீட்டின் இடப்பக்க பெல்ட்டும் தறிக்குப் போனது. தன்னுடையதை மட்டும் விட்டுவைத்தார். போலீஸ்காரர் எட்டிப் பார்ப்பது ஓட்டுகிறவரைத்தானே. அந்த நெசவின் பலம் தெரியாத ஒருவர் அறுத்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஊரில் இவரைவிட அதை அறிந்தவர் யார்?

கார் பூஜைக்குத் திருத்தணி மலைக்குப் போனோம். பின் சீட்டில் அம்மா, அத்தை, அத்தையின் மூன்று பிள்ளைகள். முன்னால் நான், என் மடியில் மூன்று வயதுத் தம்பி.

"நீ பெரிய பொண்ணு இல்ல? தம்பிய கெட்டியா பிடிச்சிகினு குந்து," என்றார் நைனா. என்னைப் பெரிய பெண் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துபோனேன்.

மேலே குருக்கள் காருக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார். கடையில் வாங்கிய பித்தளை மயிலை நைனா டேஷ்போர்டில் ஒட்டினார். இறங்கும் வழியில் போலீஸ் நிற்கும் என்று தன் பெல்ட்டை மறக்காமல் மாட்டிக்கொண்டார்.

இறக்கத்தில் ஒரு குரங்கு குறுக்கே பாய, முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. நைனா பிரேக்கை மிதித்தார். வேகம் ஒன்றும் பெரிதில்லை, வேனில் மோதக்கூட இல்லை. ஆனால் தம்பி என் கையில் இல்லை. அவன் சட்டை ஒரு கணம் விரலில் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. அவன் முகம் அந்த மயிலில் போய் அடித்தது. என் நெற்றி கண்ணாடியில் இடித்து வீங்கியதை வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தார்கள். நைனாவுக்கு ஒரு கீறல் இல்லை.

தம்பியின் புருவத்தில் துண்டை அழுத்திக்கொண்டே அவர் என்னைப் பார்த்தார். "பிடிச்சிகினு இருன்னுதானே சொன்னேன்? இன்னா பண்ணிகினு இருந்தே?"

ஏழு தையல். வலது கண்ணில் பாதிப் பார்வைதான் மிஞ்சும் என்றார் டாக்டர். வீட்டில் விசாரணை நடந்தது. பூஜையில் குறையில்லை, பழம் நசுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். வண்டியிலும் குறையில்லை, பிரேக் பிடித்தது. ஓட்டியவரைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? மிச்சம் நான். 'அக்கா கையை விட்டுட்டா' என்பதே கதையாயிற்று. கல்யாண வீடுகளில் தம்பியே இப்போது அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிரேக் போட்ட காரில் ஒரு பிள்ளையை மடியில் பிடித்து நிறுத்த எந்தப் பெரியவர் கையாலும் முடியாது என்பதை, என் மகளுக்குக் காரில் மாட்டும் குழந்தை சீட்டு வாங்கப் போன கடையில்தான் கேள்விப்பட்டேன். கடைக்காரர் வியாபாரத்துக்காகச் சொன்ன சொல். அங்கேயே நின்று அழுதேன். வீட்டுக்கு வந்தால் நைனா, "மடி இருக்கச்சொல்ல இதெல்லாம் இன்னாத்துக்கும்மா?" என்றார். அன்று நான் பேசிய பேச்சை எழுத முடியாது.

ஒன்பது வயதில் எனக்கு அந்தப் பேச்சு இல்லை. தம்பிக்குக் கட்டுப் பிரித்த அன்று அத்தை என்னைத் தனியே கூப்பிட்டு, "முருகனுக்கு முடி குடுக்கறேன்னு வேண்டிக்கோ. உன் தப்பும் போய்டும், அவன் கண்ணும் வந்துடும்," என்றாள். வேண்டிக்கொண்டேன். அதே காரில் மறுபடியும் மலைக்குப் போனோம். முடி எடுக்கிறவர் இடுப்புவரை தொங்கிய என் சடையைத் தூக்கிப் பார்த்து, "பொம்பளப் புள்ள, நுனியில கொஞ்சம் கத்திரிச்சி பூமுடி குடுத்தா போதாதுங்களா?" என்று கேட்டார்.

"மொட்டையே போடுங்க," என்றார் என் பின்னால் நின்ற நைனா.

எனக்கு அழுகை வரவில்லை. செய்த தப்புக்கு இது தகும் என்றே நினைத்து, நானாகவே குனிந்தேன். அங்கே குனிந்திருக்க வேண்டிய தலை எனக்குப் பின்னால் நின்று, தன் சுருட்டை முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.