இந்தா, கேட்டுக்கோ

கேடயம் என்னவோ கணவருக்குத்தான். தலைகால் புரியாமல் இருந்தது மைக்செட் அக்காவுக்கு. காலையிலிருந்து இரண்டு தடவை உடை மாற்றிவிட்டாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "இன்னிக்குச் சாயங்காலம் பழைய இசையரங்கத்தைத் திறக்கிறாங்க. நான் உள்ள போகப்போறேன்!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாராட்டு விழா அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும். "ஆங், அவருக்குக் கேடயமும் தர்றாங்க."

ஒரு அரங்கத்துக்குள் போவதற்கா இந்தக் குதி என்று கேட்பீர்கள். கதையைக் கேட்டால் நீங்களும் குதிப்பீர்கள்.

கணவனும் மனைவியுமாக நடத்துகிற வாடகை மைக்செட் கடை அது. இருந்தது இரண்டே செட். அரங்கத்தில் கச்சேரி இருக்கிற அன்றைக்குத்தான் ஊரில் எங்காவது கல்யாணமும் வந்து தொலைக்கும். ஒரு செட்டோடு அவர் கச்சேரிக்குப் போவார். இன்னொன்றோடு இவள் கல்யாணத்துக்குப் போவாள். அங்கே பெரிய பெரிய பாடகர்கள். இங்கே, "பச்சை கலர் கார்க்காரர் வண்டியை நகர்த்தவும். அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் அம்மா உடனே மேடைக்கு வரவும்." பாட்டென்றால் உயிரை விடுகிற பெண்ணுக்கு இது அநியாயம் இல்லையா?

ஒரு நாள் ஸ்பீக்கரை நடுக்கடையில் இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றாள். "நாளைக்கு நான் கச்சேரிக்கு. நீங்க கல்யாணத்துக்கு."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார் மனிதர். அவரைத் தெரு முழுக்க மௌனசாமி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி கொடுக்கிறவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். மறுநாள் கல்யாண வீட்டில் யாரோ அவர் கையில் மைக்கைத் திணித்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டிருக்கிறார். புஸ், புஸ் என்று அந்த மூச்சுதான் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பந்தியில் ஒருவரும் உட்காரவில்லை. பெண்ணின் மாமா கடைக்கே ஓடிவந்து, அரங்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவைக் கையோடு அழைத்துப் போய்விட்டார். அதோடு தீர்ந்தது அவளுடைய கச்சேரி ஆசை.

"அப்போ எனக்குப் பதிவு பண்ணிட்டு வாங்க. ஒரு பாட்டு விடக்கூடாது" என்று ஒரு கேசட் ரெக்கார்டரை அவர் தலையில் கட்டினாள்.

முதல் கேசட்டைப் போட்டபோது பாட்டு வரவில்லை. கணவரின் குரல் வந்தது. கூட்டம் வருவதற்கு முன்னால், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ரெக்கார்டரில் மட்டும் பேசியிருக்கிறார்.

"இந்தா, கேட்டுக்கோ. மேடையில நீலத் திரை போட்டிருக்காங்க. மாடிக் கைப்பிடியெல்லாம் இரும்புப் பூ. மூணாவது வரிசையில ஒரு நாற்காலி கிறீச்சுங்குது, பாட்டுக்கு நடுவுல கேட்டா என் செட்டுல கோளாறுன்னு நினைச்சுக்காதே. வர்ற வழியில பழைய சந்தையை இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. உள்ள அத்தனையும் தேக்குத் தூண், உனக்குத் தெரியுமா?"

அக்கா அசந்துபோனாள். வீட்டில் உப்பு வேண்டும் என்பதைக்கூடக் கண்ணால் சொல்கிற மனிதரா இது! அன்றிலிருந்து பாட்டு ஒரு ஆசை என்றால், பாட்டுக்கு முன்னால் வரும் பேச்சு இன்னொரு ஆசை. பாலம் திறந்தது, வெள்ளம் வந்தது, பாடகர் ஒருவர் மேடையிலேயே செருப்பைத் தேடியது என்று எல்லாம் அதில் வரும். அந்த அரங்கத்தின் இருமலும் தும்மலும்கூட அவளுக்கு அத்துப்படி. கண்ணால் பார்த்ததுதான் கிடையாது. பார்க்கலாம் என்று கொஞ்சம் ஓய்வு கிடைத்த காலத்தில், கூரை ஒழுகுகிறதென்று அரங்கத்தையே இழுத்துப் பூட்டிவிட்டார்கள்.

கட்டிலுக்கடியில் கேசட்டுகள் நிறைந்து கிடந்தன. ஒரு கூட்டத்துக்கு மைக்செட் வாடகை பேச வந்த அருங்காட்சியகத்துப் பெண், கடையில் ஓடிக்கொண்டிருந்த கேசட்டைக் கேட்டுவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, பாட்டு மட்டுமா இது? ஊரே இதுக்குள்ள இருக்கு!" அவள் போட்ட விதைதான் இந்த விழா. ஊரின் பழைய பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்த்துக் காப்பாற்றி வைத்திருந்த பூட்டுக்காரருக்கும் அன்றைக்கே மரியாதை.

விழாவுக்கு மைக்செட்டும் இவர்களுடையதுதான். அவர் மேடையில் உட்கார்ந்துவிட்டால் செட்டை யார் பார்ப்பது? "நான் இருக்கேனே!" என்றாள் அக்கா. கரும்பு தின்னக் கூலியா?

மதியமே ஒயர் சுருளோடு போய் நின்றாள். அரங்க மேலாளர் பின்வாசல் வழியாகவே கூட்டிப்போனார். "தரைக்கு மெருகு போட்டிருக்கோம், இன்னும் காயல. உள்ள யாரும் கால் வைக்கக்கூடாது. உங்க இடம் இதுதான்." மேடைக்குப் பக்கவாட்டில் புதிதாகக் கட்டிய அறை. நாலு பக்கமும் சுவர். ஜன்னல் என்று ஒரு ஓட்டைகூட இல்லை. ஒரு மிக்ஸர், ஒரு ஹெட்போன், ஒரு ஸ்டூல்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை.

"ஏங்க, வாசல் வரைக்கும் வந்தும் எனக்குக் காதுதானா?" என்றாள் கணவரிடம். அவர் ஒயரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஒயரைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

விழா தொடங்கியது. ஹெட்போனில் கூட்டம் இரைந்தது. கூடவே கொண்டுவந்திருந்த பழைய ரெக்கார்டரையும் ஓடவிட்டாள். தலைவர் பேசினார், பூட்டுக்காரர் கேடயம் வாங்கினார், கைதட்டல் காதைப் பிளந்தது. அப்புறம் மௌனசாமியை அழைத்தார்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள்.

புஸ், புஸ்.

போச்சு, மானம் போச்சு என்று அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"இந்தா, கேட்டுக்கோ" என்றது ஹெட்போன்.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இப்போ திரை சிவப்பு. இரும்புப் பூவுக்கெல்லாம் வெள்ளி வர்ணம் அடிச்சிருக்காங்க. மூணாவது வரிசை நாற்காலியைத் தூக்கிட்டாங்க, பாவம். கூட்டம் மாடி வரைக்கும் நிக்குது. எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க, எனக்குக் கால் நடுங்குது. இதையெல்லாம் நான் ஊருக்காகப் பதிவு பண்ணல. உனக்காகத்தான் பண்ணினேன். கேட்டது போதும். வா, வந்து பாரு."

"போங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்!" என்று அருங்காட்சியகத்துப் பெண் எங்கிருந்தோ ஓடிவந்து அவளைத் தள்ளாத குறையாகத் தள்ளினாள்.

"எதையும் தொட்டுடாதே!" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஓடினாள். மேடைப் படி ஏறுவதற்குள் மைக் வீலென்று ஊளையிட்டது. தொட்டுவிட்டாள் மகராசி! "கடைசிக் குமிழைக் குறைடீ!" என்று அக்கா மேடையிலிருந்தே கத்தினாள். அரங்கமே சிரித்தது.

சிரிப்பு வந்த பக்கம் திரும்பினாள். விளக்குகள், மாடி, இரும்புப் பூக்கள், முகங்கள். இத்தனை வருஷம் காதுக்குள் இருந்த இடம்.

"இவ்வளவு சின்னதா?" என்றாள். மைக் பக்கத்தில் இருந்தது அவளுக்குத் தெரியாது. மறுபடியும் சிரிப்பு மாடிவரை போனது. அவரும் சிரித்தார். மேலாளர் கேடயத்தை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பதென்று விழித்தார்.

அக்கா கணவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். கேசட்டுக்குப் பதில் பேச இதுவரை அவளுக்கு வழி இருந்ததில்லை.

"இந்தாங்க, நீங்க கேட்டுக்கோங்க. அரங்கம் நீங்க சொன்ன அளவுக்கு இல்ல. ஆனா நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு. சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க. காது ரெண்டும் செவந்துபோச்சு. நீங்க பேசினதையெல்லாம் நான் ஒண்ணு விடாம கேட்டேன். பாட்டை விட அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இப்போ சொல்லுங்க, வீட்டுல ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. உள்ளே ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

புஸ், புஸ் என்று எல்லா ஸ்பீக்கரிலும் அவருடைய மூச்சுதான் கேட்டது. முதலில் பூட்டுக்காரர் எழுந்து கைதட்டினார். அப்புறம் மாடியும் கீழும் எழுந்தன. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.