நாற்பத்தொரு மறுகா

செங்கலடிச் சந்தியில் பக்கீரின் ஓட்டோ நிற்கும் இடம் மின்கம்பத்துக்குத் தெற்கே ஆறு அடி. பத்தொன்பது வருடங்களில் அந்த இடம் இரண்டே தடவைதான் நாள் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. ஒன்று மகளின் கலியாணத்துக்கு, மற்றது வெள்ளத்துக்கு. வெள்ளத்தின்போதும் ஓட்டோதான் விலகியது; பக்கீர் முழங்கால் தண்ணீரில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், வேறு யாரும் இடம் பிடித்துவிடக் கூடாதென்று.

ஏறாவூர்க்காரர், வயது ஐம்பத்து நான்கு; உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 'நானா', அதாவது அண்ணன். விடியும் முன்னர் வாவிக்கரையிலிருந்து சந்தைக்கு இறால் பெட்டி ஏற்றுவார். ஏழு மணியிலிருந்து வந்தாறுமூலைக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகளை ஏற்றுவார். இடையில் ஓட்டோவைக் கழுவச் சொல்லுவாள் மனைவி ஸஹீதா. அவர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார். ஊற்றுவது வேறு, கழுவுவது வேறு என்பது ஸஹீதாவின் கட்சி.

2024 பெப்ரவரி 12, திங்கட்கிழமை, பிற்பகல் 3.20க்கு ஒரு மாணவி தாள்கட்டோடு வந்து நின்றாள்.

"அண்ணே, மூணு நாளைக்கு உங்க ஓட்டோ வேணும். போடிங் போடிங்கா போகணும்."

பெயர் யசோதினி. பண்டாரவளைப் பிள்ளை; மட்டக்களப்புக்கு வந்து ஐந்து வாரம். மூன்று நாளில் பதினொரு விடுதிகளுக்கு அவளைக் கொண்டுபோனார் பக்கீர். பெண்பிள்ளைகள் இருக்கும் இடம் என்பதால் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே என்ன கேட்கிறாள் என்பது தெரியாது. தாளையும் பேனையையும் பார்த்துவிட்டு டெங்குக் கணக்கெடுப்பு என்று முடிவுகட்டி, முதல் நாள் மாலையே வீட்டு வளவிலிருந்த சிரட்டை முழுவதையும் கவிழ்த்துவைத்தார்.

புதன்கிழமை மாலை 5.45க்கு யசோதினி ஓடிவந்து ஏறினாள்.

"அண்ணே, நாப்பத்தொரு பேருகிட்ட கேட்டேன். நாப்பத்தொரு பேரும் வருவாங்களாம்!"

"எங்க புள்ள?"

"எங்க வேன்ல. நானும் டிலக்சனும் தொடங்கப்போறோம். போன்ல ஒரு அமுக்கு அமுக்கினா போதும், சந்தியில இருந்து கெம்பஸுக்கு வேன். நாப்பது பேருகிட்டயாவது நேர்ல கேட்டுட்டுத் தொடங்கச் சொன்னாரு எங்க சேர். இவங்க ஒருக்கா இல்லண்ணே, திரும்பத் திரும்ப வருவாங்களாம். அவங்க வாயாலயே சொன்னாங்க."

பக்கீர் பிறேக்கை மிதித்தார். தன் குழியைத் தோண்டும் மண்வெட்டியை மூன்று நாளாகத் தானே சுமந்து திரிந்திருக்கிறார். தாள்களை வாங்கிப் பார்த்தார். 'இப்போதைய பயணத்தில் உள்ள குறை என்ன?' என்ற கேள்விக்கு இருபத்தொன்பது பேர் ஒரே விடை சொல்லியிருந்தார்கள்: இறால் மணம்.

அந்த வாரத்தில் அவருக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. ஸஹீதாவின் தம்பி ஸாஹிருக்குக் காத்தான்குடியில் புடவைக்கடை. வாசல் காவலுக்கு இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

"சந்தியில வெயில் குடிச்சது காணும் மச்சான். என்ட கடை வாசலில கதிரை சும்மா கிடக்கு. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள்ள ஓமா இல்லையா சொல்லிப்போடுங்க" என்றிருந்தான் ஸாஹிர்.

ஸாஹிருக்குச் சைக்கிள் பழக்கியவர் பக்கீர். அவன் விழுந்த வேலிகளின் எண்ணிக்கைகூட அவருக்கு ஞாபகம். அவன் கடை வாசலில் உட்கார்ந்து, அவன் வரும்போது எழும்பி நிற்பதை நினைக்கவே அவருக்கு முதுகு கூசியது. ஆனால் நாற்பத்தொரு பேரும் வேனில் ஏறிவிட்டால் அந்தக் கதிரையைத் தவிர வேறு இடமில்லை.

பின் ஆசனத்தில் யசோதினி விட்டுப்போன வெற்றுத் தாள் ஒன்று கிடந்தது. பக்கீர் 'வேன்' என்ற சொல்லை வெட்டி, மேலே 'ஓட்டோ' என்று எழுதினார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஏறிய பிள்ளைகளிடம் எல்லாம் கேட்டார்.

"வேன் வந்தா அதில போவியளா, நம்மட ஓட்டோவில வருவியளா?"

"ஐயோ நானா, உங்களை விட்டிட்டு நாங்க எங்க போற?"

யசோதினி கேட்ட நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் அவரிடம் அகப்பட்டார்கள். முப்பத்தெட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். மற்ற மூவர் ஊருக்குப் போயிருந்தார்கள்.

தாளை ஸஹீதாவிடம் காட்டினார். அவள் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"கேக்கக்குள்ள ஓட்டோ ஓடினதா, நிண்டதா?"

"ஓடினதுதான்."

"வளைவிலயும் கேட்டீங்களா?"

"ரெண்டு பேருக்கிட்ட."

"மறுகா ஆரு இல்லை எண்டு சொல்லுவான்? உசிருக்குப் பயமில்லையா?"

ஞாயிற்றுக்கிழமை பக்கீர் இறால் ஏற்றவில்லை. சவுக்காரம் போட்டு, தும்புத்தடியால் தேய்த்து, ஓட்டோவைக் கழுவினார். ஊற்றவில்லை, கழுவினார். ஸஹீதா வாசலுக்கு வந்து, பின் ஆசனத்தை மோந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை, பெப்ரவரி 19, வெள்ளோட்டம். காலை 6.50க்கு வாடகை வேன் வந்து கம்பத்துக்கு வடக்கே நின்றது. பக்கவாட்டில் 'ஏறு' என்று எழுதிய பதாகை. யசோதினியோடு டிலக்சனும் நின்றான். மண்டூர்ப் பையன், கணினி வேலை அவனுடையது. கேட்கப்போனதெல்லாம் யசோதினிதான், அவன் அவள் தந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவன். தெற்கே பக்கீர்.

ஏழு மணியாயிற்று. ஏழேகாலாயிற்று. ஏழரைக்கு ஒரு நாய் வந்து வேனுக்குக் கீழே படுத்தது. அதுதான் முதல் வாடிக்கை.

டிலக்சன் மெல்ல ஓட்டோப் பக்கம் வந்தான். "நானா, எங்களுக்கு வராத ஆக்கள் உங்களுக்கிட்ட வந்திருக்கணுமே."

"எனக்கிட்ட வராத ஆக்கள் உங்களுக்கிட்ட வந்திருப்பாங்க எண்டு நான் இரிக்கன்."

7.40க்கு ஒரு குடை வந்தது. மழையில்லை, வெயிலும் ஏறவில்லை. குடை கம்பத்தைக் கண்டதும் மறுபக்கம் சாய்ந்தது. குடைக்குக் கீழே தெரிந்த செருப்பை யசோதினி அடையாளம் கண்டுகொண்டாள். பட்டியலில் இருபத்தாறாவது பெயர், உன்னிச்சை அஜந்தா.

"அக்கா! வேன் இங்க நிக்குது, நீங்க எங்க போறீங்க?"

அஜந்தா குடையை மடக்கினாள். முகம் சிவந்திருந்தது. "எல்லாரும் வயல் வட்டைப் பக்கத்துக் குறுக்கு ஒழுங்கையால போறாங்க. ஃப்ரெண்ட்ஸ்ட மோட்டார் சைக்கிளில கொஞ்சப் பேர், நடையில கொஞ்சப் பேர். உங்களுக்கும் வாறன் எண்டாச்சு, நானாவுக்கும் வாறன் எண்டாச்சு. எந்த மூஞ்சியோட சந்தியால வாற? எனக்கு அந்த ஒழுங்கையில நாய்க்குப் பயம். அதான் குடை."

"ஆனா எங்கிட்ட மறுக்கா வாறேன்னீங்களே!"

"ஓம், மறுகா வாறன் எண்டுதானே சொன்னன்."

"அதான்! மறுக்கான்னா திரும்பவும்தானே? எங்க ஊர்ல அப்படித்தான்."

டிலக்சன் திரும்பினான். "எத்தினை பேர் மறுகா எண்டு சொன்னவங்க?"

"நாப்பத்தொரு பேரும்."

டிலக்சன் வேன் படியில் உட்கார்ந்துவிட்டான். "இஞ்ச மறுகா எண்டா புறகு, யசோ."

"பிறகு வந்தாலும் வாறதுதானே?"

"வாறதெண்டா ஏன் தங்கச்சி புறகு?" என்றாள் அஜந்தா.

பக்கீர் சிரிக்கக் கூடாதென்று வாயை மூடினார். சிரிப்பு மூக்கால் வந்தது. பிறகு தன் சட்டைப்பையிலிருந்த முப்பத்தெட்டு ஞாபகம் வந்து அதுவும் நின்றது.

வேன்காரர் ஹோர்ன் அடித்தார். அவருக்கு எட்டரைக்கு ஒரு கலியாண வீட்டு ஹயர். பதாகையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, நாயை எழுப்பிவிட்டுப் போய்விட்டார். எட்டு மணிக்கு விரிவுரை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஓட்டோவில் ஏறினார்கள். பதாகையின் ஒரு நுனி வெளியே படபடத்தது.

அஜந்தா மூக்கை உறிஞ்சினாள். "என்ன நானா, இறால் மணத்தைக் காணல்ல?"

"இருபத்தொன்பது பேர் எழுதிக்குடுத்த. கழுவாம ஏலுமா?"

"அந்தத் தாளுகளில உண்மையான விடை அது ஒண்டுதான்" என்றான் டிலக்சன்.

"எனக்கிட்டச் சொன்ன முப்பத்தெட்டும் பொய்யா புள்ள?" என்று கேட்டார் பக்கீர்.

"பொய்யில்லை நானா. நாளைக்கு வருவாங்க. இண்டைக்கு வெக்கம்."

வந்தாறுமூலை வளைவு கழிந்ததும் தொலைபேசி அடித்தது. பக்கீர் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார். ஸாஹிர்.

"பன்னிரண்டு வரைக்கும் பொறுக்க ஏலாது மச்சான். இன்னொராள் வந்து நிக்காரு. என்ன முடிவு?"

பக்கீர் கண்ணாடியில் பார்த்தார். மூன்று தலைகளும் ஒரு பதாகையும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

"மறுகா சொல்றன் மச்சான்."

ஸாஹிர் காத்தான்குடியில் பிறந்து வளர்ந்தவன்.

"சரி, அப்ப கதிரைய இவருக்கே குடுக்கன்" என்று வைத்துவிட்டான்.

பின்னாலிருந்த யசோதினி பேனையை எடுத்தாள். புதிய தாள், நாற்பத்திரண்டாவது. பெயருக்கு நேரே 'பக்கீர் அண்ணன்' என்றும், விடைக்கு நேரே 'இல்லை' என்றும் எழுதி, நேரத்தையும் குறித்துக்கொண்டாள்: 7.56.