அரும்பு மன்றத்துச் செயலாளர்

சீனிவாசலுவுக்குப் பொதுவாக யார் மேலும் கோபம் வராது. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு அவருக்கு. போல்ட் கேட்டு வருகிறவன் நட்டை எடுத்துக்கொண்டு போனாலும் சிரித்துக்கொண்டே திருப்பி வாங்கிக்கொள்வார். அந்த மனுஷரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லைக் கடிக்க வைத்தவர்கள் நாடகம் எழுதுகிறவர்கள்தான்.

குற்றம் அவருடையதேதான். கோயமுத்தூரில் நாடக சபாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் வேறு ஊரில் ஓடித் தேய்ந்த நாடகத்தையே திரும்பப் போட்டன. அது பொறுக்காமல் ஐம்பத்தாறாம் வருஷம் நாலைந்து நண்பர்களோடு அரும்பு நாடக மன்றத்தை ஆரம்பித்தார். எங்கும் மேடை ஏறாத நாடகத்தைத்தான் போடுவது. எழுதியவரும் புதியவராக இருக்க வேண்டும். யாருக்கும் சம்பளம் கிடையாது, வருவதெல்லாம் அடுத்த நாடகத்துக்கு. எழுதியவர் சம்மதமில்லாமல் ஒரு வரிகூட மாற்றுவதில்லை. இந்தக் கடைசி விதியையும் அவரேதான் எழுதிச் சேர்த்தார்.

"ஏனுங்க, ஓடின நாடகத்துக்கே கூட்டம் வரமாட்டீங்குது. ஓடாத நாடகத்துக்கு ஆருங்க வருவாங்க?" என்று ஒரு நண்பர் அப்போதே கேட்டார்.

கூட்டம் வந்ததோ இல்லையோ, எழுத்தாளர்கள் வந்தார்கள். ஒருவர் கதாநாயகனுக்குப் பெயர் முடிவாகவில்லை என்று மூன்றாம் காட்சி வரை அவனை மேடைக்கே கொண்டுவரவில்லை. கருமத்தம்பட்டிக்காரர் ஒருவரின் நாடகத்தில் யானை வந்தது. மணிச்சத்தம் மட்டும் போதுமா என்று சீனிவாசலு எழுதிக் கேட்டதற்கு, யானை இல்லாவிட்டால் நாடகமும் இல்லை என்று பதில் வந்தது.

"ஞாயித்துக்கெழமைன்னா ஊருல ஆம்பளைங்க சந்தைக்குப் போறாங்க. நீங்க யானைக்குப் பதில் எழுதிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் மனைவி வெங்கடலட்சுமி.

ரூத் வந்தது ஐம்பத்தொன்பதில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல், இரும்புப் பிடிவாதம். அவள் எழுதிய நாடகத்தின் பெயர் 'நடுச்சுவர்'. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டைப் பிரித்து நடுவில் சுவர் வைக்கிறார்கள். கடைசிக் காட்சியில் அண்ணன் சாகக் கிடந்து தம்பியைக் கூப்பிடுகிறான். சுவருக்கு இந்தப் பக்கம் தம்பி அதைக் கேட்டுக்கொண்டே நிற்கிறான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். அவ்வளவுதான்.

படித்து முடித்த அன்று சீனிவாசலு சாப்பாட்டையே மறந்துவிட்டார். இதற்குத்தான் மன்றம் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷம் ஒத்திகை ஆரம்பிக்கும் வரைதான் இருந்தது.

கணபதியில் ஒரு நண்பரின் வார்ப்படப் பட்டறை ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும். அங்கே கரிமண்ணை ஒதுக்கிவிட்டு ஒத்திகை பார்ப்பார்கள். ரூத் வாராவாரம் முதல் இரண்டு காட்சிகளைத் திருத்திக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்தில் நாடகத்தின் பிரதியை முன்கூட்டியே சர்க்காரிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அவள் திருத்தத் திருத்த, இவர் புதுப் பிரதி எடுத்துக்கொண்டு சைக்கிளில் அலைந்தார்.

"அம்மணி, இது நாடகமா, இல்ல தறியில இருக்கற துணியா? என்னிக்குத்தான் அறுத்துக் கையில குடுப்பீங்க?"

"ரெண்டாங் காட்சியில வர்ற சம்பந்தி பேச்சு பொய்யா இருக்குதுங்க. அத மட்டும் மாத்திக்கறனுங்க."

தம்பி வேஷத்துக்குப் பாலகோபால். கூட்டுறவு பண்டகசாலைக் குமாஸ்தா. வெண்கலக் குரல், சுருள் முடி. அவன் நடித்தால் அவன் தெரு ஆட்கள் மட்டுமே பாதி மண்டபத்தை நிறைப்பார்கள். அவனுக்கு ஒரே குறை, இந்த நாடகத்தில் அழுவதற்கு இடமில்லை என்பது.

"அண்ணன் சாகறான், தம்பி மரக்கட்டையாட்ட நிக்கறதாங்க? சனங்க என்னயக் காறித் துப்புவாங்க" என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் கேட்டான். ரூத் ஒரே பதில் சொல்வாள்: "துப்பட்டுங்க."

முதல் ஆட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கடைசிக் காட்சி வரை பாலகோபால் எழுதியபடியே நடித்தான். அண்ணன் கூப்பிட்டதும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "அண்ணா" என்று அலறிக்கொண்டு ஓடி, துணியில் வரைந்து சட்டத்தில் கட்டியிருந்த சுவரைக் கிழித்துப் பாய்ந்து, அண்ணன் காலில் விழுந்து கதறினான். மண்டபமே அழுதது. கைதட்டல் ஓயவில்லை. திரைக்கு ஓரத்தில் நின்ற ரூத், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாளே ஒரு மில்லின் தொழிலாளர் நலச் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. எல்லா ஷிப்டுக்காரர்களும் பார்க்கும்படி ஒரு வாரம் தொடர்ந்து போட வேண்டுமாம். சுவர் கிழிகிற முடிவோடுதான் வேண்டுமாம். மன்றம் பிறந்து இப்படி ஒரு அழைப்பு வந்ததில்லை. சீனிவாசலு எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் ரூத்துக்காகக் காத்து நின்றார்.

"ஒரே ஒரு வாரம் அம்மணி. பொறவு உங்க முடிவையே போட்டுக்கலாம்."

"அப்படீன்னா என்ற பேர எடுத்துப்போடுங்க."

"பேர எடுத்துட்டா நாடகம் ஆரோடதுங்க?"

"அழுதாரே, அவரோடதுங்க."

வீடு வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரவெல்லாம் புரண்டார். காலையில் எழுந்து போய் மில்காரர்களிடம் முடியாது என்று சொன்னார். வேறு என்ன செய்ய, விதி அவர் எழுதியது. செய்தி தெரிந்ததும் பாலகோபால், "புத்தியிருக்கறவன் செய்யற காரியமுங்களா இது" என்று சொல்லி மன்றத்தை விட்டு விலகினான். அடுத்த ஆட்டத்தில் தம்பி வேஷத்துக்கு வேறு ஆள் கிடைக்காமல் சீனிவாசலுவே மீசையை ஒட்டிக்கொண்டார்.

அவர் நடிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வசனத்தை விழுங்கினார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பிலும் முதுகிலுமாக வைத்துப் பார்த்தார். ஆனால் கடைசிக் காட்சியில் நடிக்க ஒன்றும் இல்லை. நின்றார், கேட்டார், உள்ளே போனார், கதவைச் சாத்தினார். வெளியே ஒரு கைதட்டல் இல்லை. பெஞ்சுகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தார். நூல் வியாபாரி திருமலைசாமி.

"இத எழுதுனது ஆருங்க?"

ரூத் முன்னால் வந்தாள்.

"நீ டெலிபோன்ல இருக்கறவதான கண்ணு? என்ற தம்பி மேல போட்ட கேசப் பத்தி நான் வக்கீலுகிட்டப் பேசறத ஒட்டுக் கேட்டு எழுதிப்போட்டயா?"

புகார் போனால் இவள் வேலை போய்விடும். மன்றமும் சேர்ந்து போகும். "ஏனுங்க, கொஞ்சம் உக்காருங்க" என்று சீனிவாசலு நாற்காலியை இழுத்தார்.

ரூத் பதறவில்லை. "லைன் கெடைச்சுதான்னு பாக்கற வரைக்கும்தான் கேப்போமுங்க. அந்தச் செவுரு உங்க ஊட்டுது இல்லீங்க, எங்க ஊட்டுது. எங்கப்பா சாகறப்ப சித்தப்பாவக் கூப்பிட்டுட்டே இருந்தாருங்க. அந்தப் பக்கம் கதவு சாத்துன சத்தம் எங்களுக்குக் கேட்டுது."

திருமலைசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "அடுத்த ஆட்டம் எப்பங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போனதும் சீனிவாசலுவுக்கு ஆத்திரம் பொங்கியது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இந்தப் பாடு பட்டிருப்பனா அம்மணி?"

"சொல்லியிருந்தா நாடகத்தப் பாக்க மாட்டீங்க. என்னயத்தான் பாப்பீங்க."

அவருக்கு வந்த ஆத்திரம் வந்த வழியே போனது.

அடுத்த ஆட்டத்துக்குத் திருமலைசாமி தம்பியை வரவழைத்திருந்தார். இருவரும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் வேறு வேறு பஸ் ஏறிப் போனார்கள். வழக்கும் நின்றதாகத் தெரியவில்லை. ஒரே மண்டபத்துக்கு வந்தார்களே, அதுவே பெரிது என்று சொன்னவர்களும் உண்டு; சீனிவாசலு அப்படிச் சொல்லவில்லை.

ரூத் கல்யாணமாகிச் சேலம் போனாள். அறுபத்தாறில் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்துவிட்டது. ஒத்திகைக்கு இடமில்லாமல் மன்றம் நின்றது. வெங்கடலட்சுமி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள்.

கொஞ்ச நாளில் சென்னிமலையிலிருந்து ராமுலு என்ற நெசவாளி ஒரு கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கே வந்து நின்றார்.

"மன்றத்த மூடிப்போட்டோமுங்க" என்றார் சீனிவாசலு.

"தெரியுமுங்க. நடிக்க வேண்டாமுங்க. படிச்சுப் பாத்துச் சொன்னாப் போதும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கை காகிதத்தை வாங்கிவிட்டது. நின்றபடியே இரண்டு காட்சி படித்தார். முகம் சுருங்கியது.

"இந்த மொத காட்சி எதுக்குங்க? கதை ரெண்டாவதுலதான தொடங்குது. ஏனுங்க உங்களுக்கெல்லாம் இது தெரியமாட்டீங்குது?" என்று சத்தம் போட்டார். வெங்கடலட்சுமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்தவருக்கும் சேர்த்துக் காப்பி வைக்கப் போனாள்.