பிடரிக்குப் போட்ட கஞ்சி

சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் ஜெகநாதன் தலையை ஆட்டிக்கொண்டு வந்து ஒரு குதிரையை வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குதிரைதான் நடக்கிறது.

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவர்கள் மனை வாங்குவார்கள், கார் வாங்குவார்கள், மாடிமேல் மாடி கட்டுவார்கள். இவருக்கு அதெல்லாம் சலித்துப்போய்விட்டது போலிருக்கிறது, ஒன்றுகூட வாங்காமலேயே. வந்து இறங்கியது பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட செந்நிறப் பெண்குதிரை. ஒரு பந்தயத்திலும் ஜெயித்ததில்லையாம். அதற்கு ராஜாத்தி என்று பெயர் வைத்து, பின்கட்டில் பழைய தறிக்கொட்டகையை ஒழித்துக் குடிவைத்தார். எனக்கு ஒரு பீரோ வைக்க அந்தக் கொட்டகையில் இடமில்லை என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினான்கு வயதில் அப்பாவோடு தறிக்குழியில் உட்கார்ந்தார். குனிந்த முதுகு அப்புறம் நிமிரவே இல்லை. தாலி கட்டும்போதுகூட என் முகத்தை விட்டுவிட்டு என் காலைத்தான் பார்த்தார். இப்போது நெசவை வெளியே கொடுத்துவிட்டு டிசைனும் விற்பனையும் மட்டும் பார்க்கிறார். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். நான் கிண்டலாக ஒன்று சொன்னால் ஊரே சிரிக்கும், இவர் மட்டும் அதை உத்தரவாக எடுத்துக்கொள்வார்.

வேலூர்ப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ளப் போனார். அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் லிடியா. எங்கள் பெண் வயதுதான் இருக்கும். அவள்தான் டிரெஸ்ஸாஜ் என்ற வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்தவள். அதில் குதிரை வேகமாக ஓட வேண்டாம், எதையும் தாண்ட வேண்டாம். கயிறு கட்டின மாதிரி ஒரு மைதானத்தில், சொன்ன இடத்தில் நடந்து, சொன்ன இடத்தில் துள்ளுநடை போட்டு, சொன்ன இடத்தில் அசையாமல் நின்று நடுவருக்குச் சலாம் வைக்க வேண்டும். சொன்ன பேச்சைக் கேட்பதற்கு மார்க் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் என் வீட்டுக்காரருக்கு எப்போதோ கோப்பை கொடுத்திருக்க வேண்டும்.

புதியவர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள், பேர் கொடுத்துவிட்டேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். எனக்கு வந்த எரிச்சலில், "நூத்துக்கு அம்பதாவது வாங்கினு வாங்க. இல்லன்னா போளூர் ரங்கசாமிகிட்ட ஓட்டி வுட்டுடுங்க" என்றேன். ரங்கசாமி மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். ராஜாத்தியைப் பார்த்ததிலிருந்து கொடுங்கள் கொடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். "சரி பரிமளா" என்றார். அவ்வளவுதான், ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் தொடங்கியது அலங்காரம். எங்கள் கல்யாணத்தில் எனக்கு நடந்ததைவிடப் பலமாக நடந்தது. என் ஷாம்பூ இரண்டு பாட்டில் ராஜாத்தியின் முதுகில் போனது. வட்ட பிரஷ் ஒன்று, நீள பிரஷ் ஒன்று, முகத்துக்கு மட்டும் மெத்தென்று இன்னொன்று. குளம்புக்கு எண்ணெய். மூக்கு துடைக்க தனித்துணி. வாலைச் சிக்கெடுக்க உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாது. வாடிக்கையாளர் முன்னால் மடிப்புக் கலையாமல் புடவை விரித்த கை அது, ஒரு முடிகூட அறுந்து விழாது.

பிடரி முடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டு, ஒவ்வொன்றையும் உருண்டையாகச் சுருட்டித் தைக்க வேண்டும் என்று லிடியா வீடியோ அனுப்பியிருந்தாள். சாதாரண நூலில் தைத்தால் போதும். இவர் ராஜாத்தியின் முடியில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு சாயப்பட்டறை பழனியிடம் போய், அதே நிறத்தில் பட்டு நூல் தோய்த்து வாங்கிவந்தார். பழனி முடியை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யார் வூட்டுப் பொண்ணுங்க, கலர் இவ்ளோ நல்லா கீது?" என்று கேட்டாராம். இதை வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

நூல் வந்தும் முடி அடங்கவில்லை. வழவழவென்று நழுவிக்கொண்டே இருந்தது. ஜெல் தடவுங்கள் என்று லிடியா போனில் சொன்னாள்.

"ஜெல்லா?" என்றார் இவர், யாரோ வீட்டு வாசலில் செருப்பை விட்டெறிந்ததுபோல. "தெருவுல தறிக்குப் பாவு நூல நீட்டிக் கட்டி கஞ்சி போட்டு நீவறோம். ஒரு இழை எழும்புதா? நம்ம ஊருக்கு வந்து ஜெல்லுன்றாளே."

"பாவு நூலு, இது குதிரைங்க" என்றேன்.

"ரெண்டும் இழைதானே."

பொன்னி அரிசியைக் குழைய வேகவைத்து, வடிகட்டி, சொட்டு எண்ணெய் விட்டு, பாவுக்கு நீவுகிற அதே பிரஷ்ஷால் பிடரிக்குக் கஞ்சி நீவினார். உண்மையைச் சொல்ல வேண்டும், அடங்கியது. காய்ந்ததும் பாலிஷ் போட்ட முந்தானைபோல மின்னியது. ஒவ்வொரு உருண்டையும் கல்லுபோல நின்றது. நானே ஒருதடவை தொட்டுப் பார்த்தேன், அவர் பார்க்காதபோது.

போட்டியன்று ஞாயிறு காலை மினிலாரியில் ராஜாத்தியை ஏற்றி, கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் போய்ச் சேர்ந்தோம். பெங்களூர், சென்னைக் குதிரைகளெல்லாம் ஏசி அறையிலிருந்து இறங்கியதுபோல வந்திருந்தன. எங்கள் ராஜாத்தியின் பிடரியைப் பார்த்து இரண்டு பேர் நின்று போட்டோ எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் எனக்குக் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமினார்.

அங்கே ஒரு கம்பியில் குதிரைகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். ராஜாத்திக்குப் பக்கத்தில் பெங்களூர் அம்மா ஒருத்தருடைய வெள்ளைக் குதிரை. இவர் பக்கத்து அறையில் உடை மாற்ற வேண்டும். அந்த பூட்ஸ் இருக்கிறதே, முழங்கால்வரை வருவது, அது ஒரு ஆள் போடுகிற சமாச்சாரமில்லை. அவர் நாற்காலியில் உட்கார, நான் சுவரில் காலை ஊன்றி இழுத்து, அவர் "ஐயோ கால்" என, நான் "ஐயோ இடுப்பு" என, அரைமணி நேரம் போனது. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, வேலூர் வெயில். வியர்வையில் ஊறிய பட்டுப்புழுபோல வெளியே வந்தார்.

வந்து பார்த்தால் வெள்ளைக் குதிரை கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் பழனி தோய்த்த பட்டு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ராஜாத்தியின் பிடரியில் பதினெட்டு உருண்டைகளில் மிச்சம் நான்கு. அந்த நான்கையும் எச்சிலால் ஊறவைத்து வைத்திருந்தது, கடைசியில் சாப்பிட. ராஜாத்தி, யாரோ பேன் பார்த்துவிடுகிறார்கள் என்ற நினைப்பில், சுகமாக நின்றிருந்தாள்.

பெங்களூர் அம்மா பதறி ஓடிவந்தார். "என்ன ப்ராடக்ட் யூஸ் பண்ணீங்க? என் குதிரைக்கு ஏதாவது ஆயிடுமா?"

"பொன்னி அரிசிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

இதற்கு மேல் சிரிக்காமல் இருப்பது என்னால் ஆகிற காரியமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. லிடியா வந்து, "சார், விடுங்க. பிடரிக்கெல்லாம் மார்க்கே கிடையாது. நடைக்குத்தான் மார்க்" என்றாள். இத்தனை நாள் கழித்துச் சொன்னாள் மகராசி.

பெயரைக் கூப்பிட்டார்கள். மைதானத்துக்குள் ராஜாத்தி நுழைந்தாள், முக்கால் மொட்டைக் கழுத்தோடு. மேலே ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரென்று எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் பார்க்காத முதுகு அது. கோல் வைத்து நிறுத்தியதுபோல நேராக இருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. தொப்பியைக் கழற்றி நடுவரை நேருக்கு நேர் பார்த்துச் சலாம் வைத்தார். வெளிப்படையாகவே சொல்கிறேன், இவ்வளவு உயரமான மனுஷனையா நான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று இருந்தது.

ராஜாத்திக்கு அந்த மரியாதை தெரியவில்லை. வலப்பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் நின்றாள், நிற்கச் சொன்ன இடத்தில் சாணம் போட்டாள், துள்ளுநடை போடச் சொன்னால் வெள்ளைக் குதிரை நின்ற பக்கமாகவே போகப் பார்த்தாள். நாற்பத்தெட்டு மார்க்.

முதல் தடவைக்கு இது நல்ல மார்க்குதான் என்று லிடியா சொன்னாள். இவர் தலையாட்டினார். திரும்பும்போது முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் ராஜாத்தியோடு நின்றுகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரங்கசாமிக்குப் போன் போட்டார். நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவே தெரியாது.

வெள்ளிக்கிழமை ரங்கசாமி லாரியோடு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. அவர் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னாங்க இது, எலி கடிச்ச மாரி கீது? இதும்மேல எந்த மாப்பிள்ள குந்துவான்? போட்டோவுல நல்லாருக்காதே. முடி வளரட்டும், வந்து இட்டுகினு போறேன்" என்று சொல்லிவிட்டுக் காலி லாரியோடு போனார்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனால் என் வீட்டுக்காரர் ராஜாத்தியின் கழுத்தில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டேன். முடி சீக்கிரம் வளருமாம். வாக்குக் கொடுத்துவிட்டாராம், ரங்கசாமியைக் காக்கவைப்பது நியாயமில்லையாம். தினமும் தேய்த்தார், தேய்க்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சினார். கொட்டகையில் தூசி என்றார். உலகத்தில் இப்படியும் ஒரு ஜென்மம் பிறந்திருக்கிறது.

நேற்று போன் வந்தது. கையில் எண்ணெய் என்று என்னிடம் நீட்டினார். ரங்கசாமிதான்.

"முடி வளர்ந்துச்சாங்க?"

"அத்த கேக்காதீங்க" என்றேன். "குதிரை இங்கியேதான் இருக்கும். சும்மா சும்மா போன் பண்ணி பேஜார் பண்ணாதீங்க."

போனை வைத்தேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பக்கம் திரும்பினார். "அம்பது மார்க் வாங்கலியே பரிமளா" என்றார்.

"அது சும்மா சொன்னதுங்க. கோவத்துல சொன்னேன்."

"சும்மாவா?" "அந்த ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமே. இத்தினி நாளா நான்..."

"குதிரை இருக்கட்டுமான்னு நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா இன்னா சொல்வியோன்னு பயமா இருந்துச்சி" என்றார்.

கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ராஜாத்தியின் அந்தப்பக்கக் கழுத்துக்கு நான் தேய்க்க ஆரம்பித்தேன்.