குளியலறைக்குப் போன பள்ளிவாசல் கண்ணாடி

சாய்ந்தமருதில் அலுமினிய யன்னல் செய்து விற்கும் கச்சிமுகம்மதுவுக்குப் பழைய யன்னல் என்றாலே ஆகாது. எங்காவது ஒன்றைக் கண்டால், "இன்னும் எத்தின நாளைக்கு இதோட மல்லுக்கட்டப் போறீங்க?" என்று வீட்டுக்காரரிடம் இரக்கப்படுவார். ஊரில் பாதி வீடுகள் அந்த இரக்கத்துக்கு மசிந்தவை.

அவர் தெருப் பள்ளிவாசலும் ஒருநாள் மசிந்தது. திருத்த வேலையின்போது பழைய யன்னல்களைக் கழற்றிவிட்டு நீலக் கண்ணாடி பூட்டினார். சிவப்பும் பச்சையுமாய்ப் பூ விரிந்த பழைய கண்ணாடிகளை என்ன செய்வது?

"எங்கயாவது கொண்டு போங்க" என்றார் நிர்வாக சபைத் தலைவர் அபுல் ஹஸன்.

ஊருக்கெல்லாம் யன்னல் வைப்பவரின் குளியலறைக்கு அதுவரை யன்னல் இல்லை. கண்ணாடிகளை அங்கே பூட்டினார்.

சில வருடங்கள் கழித்துக் கொழும்பிலிருந்து றிபா என்ற பெண் வந்தாள். எந்த ஊர்ப் பள்ளிவாசலில், எந்தத் தேவாலயத்தில் பழைய வண்ணக் கண்ணாடி பார்க்கலாம் என்று பத்திரிகைக்கு எழுதுபவள். தலைவர் அவளைக் கச்சிமுகம்மதுவிடம் அனுப்பினார்.

உண்மையைச் சொல்ல அவருக்கு வெட்கம். "அதெல்லாம் உடைஞ்சி போச்சி தங்கச்சி" என்றார்.

தேநீர் குடித்த றிபா, குளியலறை எங்கே என்று அவர் மனைவி பஸ்மிலாவிடம் கேட்டுப் போனாள். போனவள் வரவேயில்லை.

பஸ்மிலா கதவைத் தட்டினாள். "என்ன புள்ள, தண்ணி வரல்லியா?"

உள்ளே கைபேசி படம் பிடிக்கும் சத்தம்தான் கேட்டது.

கட்டுரை வெளியானது. காலியில் ஒரு தேவாலயம், கண்டியில் ஒரு பள்ளிவாசல் என்று வரிசையாகப் போய், கடைசியில் கச்சிமுகம்மதுவின் குளியலறையில் முடிந்தது. கடலில் அலைச்சறுக்க அறுகம்குடாவுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள்கூட வழியில் இறங்கிக் குளியலறையைப் பார்த்தார்கள். தலையில் எண்ணெய் வைத்த பஸ்மிலா துவாயுடன் முற்றத்தில் காத்து நின்றாள்.

"இந்த ஊட்டுல கண்ணாடி இரிக்கணும், இல்லாட்டி நான் இரிக்கணும்" என்றாள் கணவனிடம்.

அடுத்து தலைவரே வந்தார். "பள்ளிட சொத்து கச்சி. திருப்பித் தாங்க."

கச்சிமுகம்மது மகிழ்ச்சியோடு கழற்றிக் கொடுத்தார். ஆனால் சபைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "கக்கூசில இருந்த சாமான எப்படிப் பள்ளியில வைக்கிற?"

கழுவினால் சுத்தம்தான் என்றார் மௌலவி.

"கண்ணாடியக் கழுவலாம் ஹஸ்ரத். சனத்துட வாயக் கழுவ ஏலுமா?" என்றார் தலைவர். கண்ணாடி மறுபடியும் கச்சிமுகம்மதுவிடமே வந்தது.

அந்தக் கிழமைதான் கல்முனையில் ஒரு சிறிய தேவாலயத்தின் ஃபாதர், உடைந்த யன்னலுக்கு அளவெடுக்க அவரைக் கூப்பிட்டார். கச்சிமுகம்மது நீலக் கண்ணாடியின் பெருமையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். காலையில் குளிக்கும்போது ஈரத் தரையில் விழும் சிவப்பு வெளிச்சம் ஞாபகம் வந்தது. அது தனக்கு இவ்வளவு பிடித்திருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஃபாதர், புதுசு வேணாம்" என்றார், வாழ்க்கையில் முதன்முறையாக. தன்னிடமிருந்த பழைய கண்ணாடியையே தருவதாகச் சொன்னார்; அது இருந்த இடத்தையும் மறைக்கவில்லை.

ஃபாதர் சிரித்தார். "எங்கட சனமும் குளிக்கிற சனம்தானே. கொண்டு வாங்க."

தேவாலயத்தில் அந்த யன்னலைத் திறந்து வைத்த நாளில் தலைவர் அபுல் ஹஸனும் விருந்தாளியாக வந்திருந்தார். வண்ண வெளிச்சத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஃபாதரிடம், "எங்கட பள்ளிக் கண்ணாடி. எவ்வளவு கவனமாப் பாதுகாத்து வெச்சிருந்தம், பாத்தீங்களா?" என்றார்.

பக்கத்தில் நின்ற கச்சிமுகம்மது, "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.